ஸ்டோருக்கு ஒரு பக்கம்

போடிநாயக்கனூரில் ஒருவர் போனை எடுத்து, "ஸ்டோர்ல இருக்கேன், அப்புறமாப் பேசுறேன்" என்றால் அவர் எந்தக் கடையிலும் இல்லை. சென்னைக்காரர்கள் ஒரு காலத்தில் ஸ்டோர் என்று சொன்ன ஒண்டுக்குடித்தன வரிசையிலும் இல்லை. போடிமெட்டைத் தாண்டி, பூப்பாறையிலோ சாந்தன்பாறையிலோ உடும்பன்சோலையிலோ, பச்சை ஏலக்காயை விடிய விடியச் சூடு காட்டி உலர்த்தும் ஒரு கட்டடத்தில் நிற்கிறார். காய் அடுப்பில் இருக்கும்போது அவரோடு நிம்மதியாகப் பேச முடியாது.

இந்த ஸ்டோருக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் தனியாக ஒரு பக்கம் தகுமா? தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் நண்பர் ஒருவர், போடி பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடிக்கும்போது இதைக் கேட்டார். தகும் என்று உடனே சொல்லிவிட்டேன். "எதை வச்சுத் தகும்னு சொல்றீங்க?" என்று அடுத்த கேள்வி வந்தது. அதற்குப் பதில் தேடிப் போனதில் சில மாதங்கள் ஓடிவிட்டன.

ஸ்டோரில் நடப்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏலக்காய் பழுக்கும்வரை காத்திருந்து பறிப்பதில்லை. உள்ளே விதை கறுத்து, தோல் இன்னும் பச்சையாக இருக்கும் பருவத்தில் பறிக்கிறார்கள். தோட்டத்தில் இதைக் கரிங்காய் என்பார்கள். அந்த நிலையில் காயின் எடையில் 70 முதல் 80 விழுக்காடு தண்ணீர். அதைச் சுமார் 10 விழுக்காட்டுக்கு இறக்கினால்தான் பூஞ்சை பிடிக்காமல் மூட்டையில் நிற்கும். ஏறக்குறைய 5 கிலோ பச்சைக்காய் கொடுத்தால் 1 கிலோ உலர்காய் திரும்பி வரும்.

இதை வெயிலில் காயவைக்க முடியாதா என்று கீழே சமவெளியில் இருப்பவர்கள் கேட்பார்கள். நெல்லையும் மிளகாயையும் களத்தில் காயப்போட்டுப் பழகியவர்களுக்கு அது நியாயமான கேள்விதான். ஆனால் பறிப்பு மும்முரமாக நடக்கும் மாதங்களில் ஏலமலையில் மழை விடுவதில்லை. வெயில் அடித்தாலும் ஆகாது. வெளிச்சமும் சூடும் சேர்ந்து தோலின் பச்சையைத் தின்றுவிடும், காய் வெளுத்து மஞ்சளாகும். சந்தையில் பச்சைக்குத்தான் விலை. ஆக, மழையில் நனைந்து வரும் காயிலிருந்து நிறம் போகாமல், மணம் போகாமல், தோல் வெடிக்காமல் தண்ணீரை மட்டும் பிரிக்க வேண்டும். ஸ்டோர் என்கிற கட்டடமே இந்தச் சிக்கலுக்காக எழுந்ததுதான்.

பழைய மாதிரி ஸ்டோரில் அடுப்பு வெளியே இருக்கும். அங்கே விறகு எரிய, புகை ஓர் இரும்புக் குழாய்க்குள் நுழைந்து அறையின் தரையோரமாகச் சுற்றிப் போய், எதிர்ப்பக்கப் புகைபோக்கி வழியாக வெளியேறும். குழாயின் சூடு மட்டும் அறைக்குள் இறங்கும். புகை காயைத் தொடாது. குழாய்களுக்கு மேலே அடுக்கடுக்காகச் சட்டங்கள், சட்டங்களில் கம்பிவலைத் தட்டுகள், தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்பிய காய். சுவரில் திறந்து மூடும் காற்றுப்போக்கிகள், ஈரக்காற்றை வெளியே தள்ள ஒரு விசிறி. பார்வைக்கு இவ்வளவுதான்.

நான் போன ஸ்டோரில் காவலும் சமையலுமாக (அங்கே உலர்த்துவதற்கும் அதே சொல்தான், 'காய் சமைஞ்சிருச்சா' என்று அவர் கேட்டார்) இருந்தவர் தேவாரம் பக்கத்துக்காரர், அறுபதை நெருங்கியவர். சாயங்காலம் ஜீப்பில் மூட்டைகள் வந்து இறங்கின. மண் போகக் கழுவி, துணி துவைக்கும் சோடாவை 100 லிட்டருக்கு 2 கிலோ கணக்கில் கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு எடுத்தார்கள். பச்சை நிற்பதற்கு இது. தட்டுகள் உள்ளே போனதும் காற்றுப்போக்கிகளை மூடிவிட்டு 50 டிகிரிவரை சூடேற்றினார்கள். மூன்று நான்கு மணி நேரத்தில் காய் வியர்த்தது. அறைக் கதவைத் திறந்தபோது முகத்தில் அடித்த ஈரச்சூட்டை எதற்கும் ஒப்பிடத் தெரியவில்லை. கண்ணாடி உடனே மங்கிவிட்டது. யூகலிப்டஸ் போல மூக்கைத் திறக்கும் வாடை. அதே வேதிப்பொருள்தான்: சினியோல் இரண்டிலும் இருக்கிறது. அதோடு டெர்பினைல் அசிட்டேட் என்ற இனிப்பு மணம் சேரும்போது ஏலக்காய் ஆகிறது.

பிறகு காற்றுப்போக்கிகளைத் திறந்து விசிறியைப் போட்டு நீராவியை விரட்டினார்கள். மறுபடி மூடி, 45 டிகிரியை ஒட்டி அடுத்த நாள்வரை நிறுத்தி வைக்க வேண்டும். ஆரம்பத்தில் அவசரப்பட்டுச் சூட்டை ஏற்றினால் தோல் வெடிக்கும், கருகும். விறகைச் சிக்கனம் பிடித்தால் மஞ்சள் தட்டும். கடைசி ஒன்றிரண்டு மணி நேரம் மட்டும் 60, 65 டிகிரிக்குக் கொண்டுபோவார்கள். காம்பும் பூவின் காய்ந்த நுனியும் முறுகி, சூட்டோடு தேய்க்கும்போது உதிர்ந்துவிடும். மொத்தமாக 24 முதல் 36 மணி நேரம் ஆகும். இப்போது பரவியிருக்கும் சூடான காற்றைச் சுழற்றும் டிரையர்களில் நேரம் இதைவிடக் குறைவு. விறகோடு டீசலும் கேஸும் மின்சாரமும் வந்துவிட்டன.

சுவரில் வெப்பமானி தொங்கியது. அவர் அதை அடிக்கடி பார்க்கவில்லை. "மேல்தட்டும் கீழ்த்தட்டும் ஒரே சூடா இருக்காது சார். மீட்டரு நடுவுல தொங்குது, அது நடுவுல உள்ளதத்தான் சொல்லும்" என்றார். ஒவ்வொரு தட்டாகக் கையை விட்டு ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கினார். சில காய்கள் ஊமையாக இருந்தன. சிலவற்றில் விதை தோலைவிட்டுப் பிரிந்து கலகலத்தது. ஊமைத் தட்டுகள் கீழே இறங்கின. கலகலத்தவை மேலே போயின. இரவில் மூன்று முறை இந்த மாற்றம் நடந்தது. மூன்றாவது முறை நான் தூங்கிவிட்டேன்.

இனி நண்பரின் கேள்விக்கு வருகிறேன்.

விக்கிப்பீடியாவில் ஒரு பொருளுக்குத் தனிப்பக்கம் வேண்டுமானால் அது 'குறிப்பிடத்தக்கதாக' இருக்க வேண்டும். இந்தச் சொல் பலரையும் ஏமாற்றிவிடுகிறது. பயனுள்ளது, பழமையானது, ஆயிரக்கணக்கானோர் பிழைப்பது என்று நாம் சொல்லும் எதுவும் அந்தக் கணக்கில் சேராது. அந்தப் பொருளோடு கொடுக்கல் வாங்கல் இல்லாத நம்பகமான ஆட்கள், அதைப் பற்றி ஒரு வரியோ இரண்டு வரியோ அல்லாமல் விரிவாக, அச்சிலோ அதற்கு ஈடான இடத்திலோ எழுதியிருக்கிறார்களா? அவ்வளவுதான் கேள்வி. இதோடு இன்னும் இரண்டு விதிகள் உண்டு. எழுதியது எதையும் வாசகர் சரிபார்க்க முடிய வேண்டும். எழுதுபவர் தன் சொந்த ஆய்வைக் கொண்டுவந்து நுழைக்கக் கூடாது. நான் ஒரு ராத்திரி கண்விழித்துப் பார்த்தது, அந்த அளவுகோலில் சுழியம்.

கோபப்பட வேண்டிய விதி இல்லை இது. தொழில்நுட்பப் பக்கங்களுக்கு இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று ஏலக்காய்த் தொழிலை வைத்தே சொல்லலாம். டிரையர் செய்து விற்பவர்கள் பலர். ஒவ்வொருவருடைய துண்டுப் பிரசுரத்திலும் தங்களுடையதுதான் குறைந்த விறகில் கூடுதல் பச்சையைத் தருகிறது. இவை எல்லாம் பக்கங்களாக ஏறினால் கலைக்களஞ்சியம் விளம்பரப் பலகையாகிவிடும். ஒரு குறிப்பிட்ட டிரையருக்குத் தனிப்பக்கம் கேட்டால் நானே வேண்டாம் என்பேன். வண்ணம் பார்த்துக் காயைப் பிரிக்கும் இயந்திரத்துக்கும் ஏலக்காய்க்கென்று தனிப்பக்கம் தேவையில்லை. அரிசியையும் பருப்பையும் பிரிக்கும் அதே ஒளியியல் இயந்திரம்தான், பொதுப்பக்கம் ஒன்று போதும். ஆனால் உலர்த்தும் முறையும் அதற்கான கட்டடமும் எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லை. அங்கே கேள்வி வேறு மாதிரி ஆகிறது.

இந்த மலையிலேயே ஓர் எதிர் உதாரணம் இருக்கிறது. போடியிலிருந்து குரங்கணிக்குப் போய் மலையேறுகிறவர்களுக்கு சென்ட்ரல் ஸ்டேஷன், டாப் ஸ்டேஷன் என்ற பெயர்கள் தெரியும். ரயிலே இல்லாத மலைமுகட்டில் எதற்கு ஸ்டேஷன்? 1902-இல் மூணாறிலிருந்து குண்டளைப் பள்ளத்தாக்கு வழியாக டாப் ஸ்டேஷன்வரை ஒற்றைத் தண்டவாள வண்டிப்பாதை போட்டார்கள். வண்டியின் பாரம் ஒரு தண்டவாளத்தின்மேல், பக்கத்தில் சாயாமல் இருக்கச் சாலையில் ஓடும் ஒரு பெரிய சக்கரம், இழுக்க மாடுகள். ஈவிங் என்பவரின் பெயரால் அழைக்கப்பட்ட முறை அது. 1908-இல் அதை இரண்டடி அகலக் குறும்பாதையாக மாற்றினார்கள். தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாக வெளியுலகம் போயின. 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளம், மலையாள ஆண்டு 1099 என்பதால் கேரளத்தில் இன்றும் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்கிறார்களே, அதே வெள்ளம், எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. திரும்பக் கட்டவில்லை.

22 ஆண்டுகள் மட்டுமே ஓடிய இந்தப் பாதைக்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிப்பக்கம் இருக்கிறது. இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அது எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். பாதை போட்ட கம்பெனிக்கு ஆவணம் எழுதும் பழக்கம் இருந்தது, படம் எடுத்தார்கள், பிற்காலத்தில் ரயில் பித்துப் பிடித்தவர்கள் உலகெங்கும் இருந்து தேடித் தொகுத்தார்கள். ஒற்றைத் தண்டவாளம் என்பது விநோதம். விநோதத்தைப் பற்றி எழுத எப்போதும் ஆள் கிடைக்கும். தினமும் நடப்பதை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை.

தேயிலைக்கும் இதே சலுகை. இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. முறைக்கு ஆண்டு உண்டு: 1930. ஆள் உண்டு: வில்லியம் மெக்கெர்ச்சர். இடம் உண்டு: அசாம். கலைக்களஞ்சியத்துக்கு இப்படிப்பட்ட பொருள்தான் பிடிக்கும். முதல் வாக்கியத்திலேயே யார், எப்போது, எங்கே என்று உட்கார வைத்துவிடலாம். ஸ்டோரைக் கண்டுபிடித்தவர் யார்? ஒருவர் இல்லை. யாரோ ஒரு கொத்தனார் குழாயை அரையடி இறக்கி வைத்தார், யாரோ ஒரு தோட்டக்காரர் காற்றுப்போக்கியை மேலே ஏற்றினார். ஏலத்திலும்கூட, பெயர் தெரிந்த ஆள் இருக்கும் இடத்தில் எழுத்து தானாகச் சேர்ந்துவிட்டது. இடுக்கி விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்துப் பெருக்கிய ஞள்ளானி ரகம் ஏலத்தோட்டங்களையே மாற்றியது. அதைப் பற்றிச் செய்தி உண்டு, விருது உண்டு, கட்டுரை உண்டு. அந்த ஞள்ளானியையும் உலர்த்தியது பெயரில்லாத ஸ்டோர்தான்.

ஸ்டோருக்கு மிக நெருங்கிய உறவு இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் இருக்கிறது. பியருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூக்களை உலர்த்தும் கட்டடம். அதற்கு அங்கே ஓஸ்ட் என்று பெயர். கீழே தீ, மேலே துளைத் தளம், தளத்தில் பரப்பிய பூ, உச்சியில் காற்றடிக்கும் திசைக்கேற்பத் திரும்பும் வெள்ளைக் கூம்பு. சரக்குதான் வேறு, வேலை ஒன்றே. அதற்கு ஆங்கில விக்கிப்பீடியாவில் நீளமான பக்கம் உண்டு. ஹாப்ஸ் தொழில் சுருங்கியபோது அந்தக் கட்டடங்களைப் பணக்காரர்கள் வாங்கி வீடாக்கினார்கள்; பாரம்பரியப் பட்டியலில் ஏறின; கட்டடக்கலை நூல்கள் வந்தன. வேலை நின்றபிறகுதான் அவை நன்றாக எழுதப்பட்டன என்பதை நினைக்கும்போது எனக்கு லேசாகப் பயமாக இருக்கிறது. பழைய குழாய் ஸ்டோர்கள் பலவும் இப்போது உரம் வைக்கும் கிடங்காகிவிட்டன. அவற்றை வாங்கி வீடாக்கப் பணக்காரர் யாரும் வருவார் என்று தோன்றவில்லை.

வடகிழக்கில் சிக்கிம் இன்னொரு உறவு. அங்கே விளைவது பெரிய ஏலக்காய், வேறு செடி. அதை உலர்த்தும் பட்டியில் புகை நேராகக் காயின் ஊடாகப் போகும். காய் கறுத்துப் புகை வாடையோடு வரும். விறகு அதிகம் பிடிக்கிறது, தரம் குறைகிறது என்று டெல்லியின் டெரி நிறுவனம் அங்கே விறகு வாயு அடுப்பை உருவாக்கிக் கொண்டுபோனது. அந்தத் திட்டத்தின் அறிக்கைகளால் பட்டியும் எழுத்துக்குள் வந்துவிட்டது. குறை இருந்ததால் எழுதினார்கள். நம் குழாய் ஸ்டோரில் புகை காயைத் தொடாது. அந்த ஏற்பாடு ஒழுங்காக வேலை செய்ததால் திருத்த வருபவர்களும் குறைவு, எழுதியவர்களும் குறைவு.

குறைவுதான். இல்லாமல் இல்லை. தேடத் தொடங்கியபோது நான் நினைத்ததைவிட அதிகமாகவே கிடைத்தது. பாம்பாடும்பாறையில் 1956-இலிருந்து ஏல ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இன்று அது கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ். மைலாடும்பாறையில் 1978-இல் தொடங்கிய இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிறுவனம், இன்று நறுமணப் பொருள் வாரியத்தின் கீழ். கோழிக்கோட்டிலிருந்து வரும் நறுமணப் பயிர் ஆய்விதழ் ஒன்று உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ரவீந்திரனும் மதுசூதனனும் பதிப்பித்து 2002-இல் வெளிவந்த ஏலக்காய் பற்றிய பெரிய ஆங்கில நூல். அதில் அறுவடையும் பதப்படுத்தலும் தனி அத்தியாயம். கலைக்களஞ்சியக்காரர்கள் கேட்கும் 'இரண்டாம் நிலை மூலம்' என்றால் இதுதான். வாரியத்தின் கையேடுகளும் உண்டு. ஆனால் வாரியம் தொழிலை நடத்தும் அமைப்பு, தொழிலை வெளியே நின்று பார்க்கும் அமைப்பு அல்ல. வெப்பநிலைக்கு அதைக் காட்டலாம், தகுதிக்கு அதை மட்டும் காட்டினால் யாராவது கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

ஆக விதிப்படியே ஸ்டோர் தேறுகிறது. நண்பரிடம் போனில் சொன்னேன். "அப்ப எழுதுங்க" என்றார். எழுத உட்கார்ந்தபோதுதான் உண்மையான சிக்கல் வந்தது.

முதல் சிக்கல் தலைப்பு. 'ஏலக்காய் ஸ்டோர்' என்று வைத்தேன். நண்பர் 'ஏலக்காய் உலர்கூடம்' என்று மாற்றினார். உலர்கூடம் நல்ல சொல், பொருளும் சரி. ஆனால் அந்தச் சொல்லைப் போட்டுத் தேடப்போகிறவர் யார்? மலையில் ஒருவர்கூடச் சொல்வதில்லை. 'மக்கள் எந்தப் பெயரில் அறிவார்களோ அதுவே தலைப்பு' என்பது விதியென்று நான் சொல்ல, 'தமிழ்ச்சொல் இருக்கும்போது ஆங்கிலச் சொல் எதற்கு' என்பது வழக்கமென்று அவர் சொல்ல, ஒரு வாரம் போயிற்று. கடைசியில் தலைப்பு உலர்கூடம், ஸ்டோர் என்று தேடினால் அங்கே வந்து சேரும்படி ஒரு வழிமாற்று. எனக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. ஆங்கிலத்திலிருந்து வந்திருந்தாலும் அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஒரு பொருளை நம் ஆட்கள் கொடுத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட சொல்லை அயல்சொல் என்று தள்ளுவது எனக்கு ஒப்பவில்லை. போடியில் தினமும் ஏலத்தை ஏலம் விடுகிறார்களே, அந்த இரண்டாவது ஏலம் போர்த்துக்கீசியரின் 'லெய்லாவ்'. அதை யாரும் திருப்பிக் கொடுக்கச் சொல்வதில்லை.

இரண்டாவது சிக்கல் பெரிது. எழுதிய பத்திகளில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடிக்குறிப்பு போட வேண்டும். ஈரப்பதம்: உண்டு. வெப்பநிலை: உண்டு. சோடா: உண்டு. ஆலெப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்ற அக்மார்க் தரத்துக்குக் காய் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும், லிட்டருக்கு 435 கிராமாவது எடை வேண்டும்: உண்டு. (மலையில் விளைந்து, மலையில் உலர்ந்து, போடியில் விலைபோகும் காய்க்கு எங்கோ கடற்கரையிலிருக்கும் ஆலப்புழையின் பெயர். திருவிதாங்கூர் காலத்தில் அந்தத் துறைமுகத்தின் வழியாகப் போனதால் ஒட்டிக்கொண்டது. ஏற்றுமதி செய்கிற ஊருக்குத்தான் பெயர் போகும். காப்பிக்கு 'மோக்கா' வந்த கதையும் இதுதான்.) குலுக்கிப் பார்ப்பதற்கு? ஓரிடத்தில் ஒரு வரி. தட்டு மாற்றுவதற்கு? ஊமைக் காய் கீழே, கலகலத்த காய் மேலே என்ற ஒழுங்குக்கு? எங்கும் இல்லை. அந்த ராத்திரியின் முக்கால்பங்கு கத்தரிக்கப்பட்டது. மிஞ்சியது ஆய்வகத்தில் ஒரு டிரையரை வைத்து எழுதினாலும் அப்படியே இருந்திருக்கும்.

போடியின் தெருக்களில் நடக்கும் வேலைக்கும் இதே கதி. சல்லடையில் பிரித்த காயை மறுபடி முறத்தில் கொட்டி, வெடித்ததையும் வெளுத்ததையும் புழுத்ததையும் கையால் பொறுக்கித் தள்ளும் பெண்கள் பல நூறு பேர். வண்ணம் பிரிக்கும் இயந்திரம் வந்தபிறகும் அவர்கள் கை முழுதாக ஓயவில்லை. அவர்களைப் பற்றித் தொழிலாளர் நிலை என்ற தலைப்பில் கொஞ்சம் எழுத்து கிடைக்கும், தொழில்நுட்பம் என்ற தலைப்பில் கிடைக்காது. இயந்திரம் செய்தால் தொழில்நுட்பம், அதே வேலையைக் கண்ணும் விரலும் செய்தால் கூலிவேலை என்று நூலகங்களின் அடுக்குகளே பிரித்துவைத்திருக்கின்றன. மின்னணு ஏலமும் அப்படித்தான். 2007-இல் வாரியம் போடியில் அதைத் தொடங்கியபிறகு கூவி ஏலம் கேட்பது நின்று, ஒவ்வொரு வியாபாரியும் ஒரு கணினித் திரைக்கு முன் உட்கார்ந்து, மாதிரிப் பொட்டலத்தை மேசையில் கொட்டி, காயை உடைத்து முகர்ந்தபடியே பொத்தானை அழுத்துகிறார். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏல மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்குப் போனபோது நாடு முழுக்கச் செய்தி. பத்திரிகைகள் பெரும்பாலும் விலையை எழுதுகின்றன. அந்த விலையை ஒரு வியாபாரி நகத்தால் காயைப் பிளக்கும் சில நொடிகளில் எப்படித் தீர்மானிக்கிறார் என்பதைத் தேடினால் கையில் ஒன்றும் சிக்கவில்லை.

கலைக்களஞ்சியங்கள் எப்போதும் இப்படி இருந்ததில்லை. பாரிஸில் 1751-இல் முதல் தொகுதி வந்த கலைக்களஞ்சியத்துக்கு, கைத்தொழில்களைப் பற்றி எழுதப் புத்தகங்கள் போதவில்லை என்று தெரிந்ததும் அதன் ஆசிரியர் திதெரோ பட்டறைகளுக்கு ஆள் போகச் செய்தார். தொழிலாளிகளைக் கேட்டு எழுதச் சொன்னார். காலுறை பின்னும் தறியைப் பற்றிய கட்டுரையை அவரே எழுதினார். பிறகு 11 தொகுதிகள் வெறும் படங்கள்: உளி எப்படிப் பிடிப்பது, கண்ணாடி எப்படி ஊதுவது. இன்றைய விக்கிப்பீடியா விதிப்படி அவற்றில் பெரும்பகுதி 'சொந்த ஆய்வு'. நீக்கல் வார்ப்புரு ஒட்டிவிடுவார்கள்.

தமிழில் நமக்கு வாய்த்தது வேறு வழி. 1910-இல் வந்த சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி புராணத்திலும் இலக்கியத்திலும் ஊன்றியது. பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து 1954 முதல் 1968 வரை தமிழ் வளர்ச்சிக் கழகம் கொண்டுவந்த பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியம் அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று காட்டியது. துறை வல்லுநர்களை எழுதவைத்தது. அதன் பெருமை குறையாது. ஆனால் வல்லுநர் என்றால் கல்லூரியிலோ ஆய்வகத்திலோ இருப்பவர் என்ற எண்ணம் அங்கேயே நிலைத்துவிட்டது. 2003-இல் தொடங்கி 2017-இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டிய தமிழ் விக்கிப்பீடியாவில் யாரும் எழுதலாம். எழுதும் கை மாறியது, ஆதாரமாகக் காட்டும் தாள் மாறவில்லை.

இதை மாற்ற முயன்றும் பார்த்தார்கள். 2011-இல் அச்சல் பிரபாலா என்பவர், அச்சில் இல்லாத அறிவுக்கு வாய்மொழியையே ஆதாரமாகக் காட்டலாமா என்று விக்கிமீடியாவின் ஆதரவோடு சோதித்தார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில் மக்களைப் பேசவைத்துப் பதிவுசெய்து, அந்தப் பதிவையே அடிக்குறிப்பாக இணைத்தார்கள். கேரளச் சிறுவர்களின் டப்பா விளையாட்டு அதில் ஒன்று. 'மக்களே அறிவு' என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு படமும் வந்தது. முயற்சி பேசப்பட்டது, விதி நகரவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் எப்படிச் சரிபார்ப்பது என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. அதில் நியாயம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். தேவாரத்துக்காரர் சொன்னது அவர் ஸ்டோருக்குச் சரி. வண்டன்மேட்டில் வேறொருவர் தட்டை மாற்றவே கூடாது என்று அடித்துச் சொல்லலாம். இருவரையும், இன்னும் இருபது பேரையும் கேட்டு ஒப்பிட்டு யாராவது எழுதி வெளியிட வேண்டும். அது கலைக்களஞ்சியத்தின் வேலை இல்லை. அதற்கு முந்தைய வேலை. போடியைச் சுற்றிக் கல்லூரிகள் இருக்கின்றன, தமிழில் வேளாண்மைக்கென்றே இதழ்கள் வருகின்றன. இருந்தும் அந்த முந்தைய வேலையைச் செய்யாமல் விக்கிப்பீடியாவின் வாசலில் போய்ச் சண்டை போடுகிறோம் என்பது என் குறை. இதில் என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கத்தரித்தபின் பக்கம் 600 சொற்களுக்குக் கொஞ்சம் மேலே நின்றது. அதைப் போனில் எடுத்துக்கொண்டு மறுபடி மெட்டேறினேன். தேவாரத்துக்காரர் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். 45 டிகிரி வந்த இடத்தில் தலையாட்டினார். சிக்கிம் வந்த இடத்தில், புகையைக் காய்மேல் விடுவார்களா என்று இரண்டுமுறை கேட்டு, சிரித்தார். முடித்ததும், "தட்டு மாத்துறது வரலையே சார்?" என்றார்.

"புத்தகத்துல இல்லண்ணே. புத்தகத்துல இல்லாதத அதுல போட முடியாது."

"போட்டோவும் போட முடியாதா?"

போடலாம். நானே எடுத்த படத்துக்கு அடிக்குறிப்பு தேவையில்லை. விதியே அதை வரவேற்கிறது. எழுத்தில் நுழைய முடியாதது படத்தில் நுழையலாம் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. இரவு பதினொன்றுக்கு அவர் கதவைத் திறந்து, இடுப்புயரத் தட்டு ஒன்றை இரண்டு கையாலும் பாதி இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முதல் படம் முழுக்க வெள்ளை. நீராவி லென்ஸை மூடிவிட்டது. வேட்டி நுனியில் துடைத்துக் கொடுத்தார். இரண்டாவதும் மங்கல். "கதவத் தொறந்தே வச்சா சூடு எறங்கிரும் சார், சட்டுனு எடுங்க" என்றார். மூன்றாவதில் தட்டும் காயும் அவருடைய கையும் விழுந்தன, முகம் விழவில்லை. கதவைச் சாத்திவிட்டு விறகு தள்ளப் போனார்.